அரைக்கேப்டனின் கோட்டு

பிப்ரவரி 11

வாயாடிக்கு,

அக்கா எழுதுவது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். நேராக விஷயத்துக்கு வருகிறேன், பள்ளிக்கூடத்து மணி அடிப்பதற்குள் தபாலில் போட வேண்டும்.

இங்கே துறைமுகத்தை ஒட்டிய பழைய சுங்க அலுவலகத்தைச் சுத்தம் செய்து, போருக்குப் போனவர்களுக்காக ஒரு நினைவுக் கூடம் அமைக்கிறார்கள். குழுவுக்குத் தலைவர் பெரிய டாக்டர். அதாவது, எனக்கு மாமனாராக வரப்போகிறவர். சாயங்காலங்களில் நானும் அங்கே வாசல் மேசையில் உட்கார்ந்து, வருகிற குடும்பங்களிடம் விவரம் கேட்கிறேன். அப்பாவின் கப்பலுக்கு என்று ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி ஒதுக்கியிருக்கிறார்கள். கடைசி லீவில் அப்பா விட்டுவிட்டுப் போன கோட்டை அதில் வைக்க வேண்டும்.

பூச்சி அரித்த இடத்தைச் சரி பண்ணு. இதோடு தங்க நிறப் பட்டை அனுப்பியிருக்கிறேன். இரண்டு கை முனையிலும், சுற்றிலும், இரண்டு வரி தைக்க வேண்டும். கடலில் உயிர் விட்டவர்களுக்கு இறந்த பிறகு கொடுக்கிற மரியாதை அது. எல்லாக் குடும்பங்களும் தைத்துத்தான் கொடுக்கிறார்கள். தையல் கடையில் வைத்துத் தைக்காதே, வீட்டிலேயே தை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

உன் கை வேலை எனக்குத் தெரியும். யார் பார்த்தாலும் முதலிலிருந்தே இருந்த பட்டை மாதிரி இருக்க வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

பார்சல் வந்தது. "என்ன, கல்யாணச் சேலையா?" என்று தபால்காரர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். இல்லை என்றால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

அலமாரியிலிருந்து கோட்டை எடுத்து மேசையில் விரித்தபோது கொஞ்ச நேரம் கை வைக்கவே இல்லை. கழுத்துப் பட்டையின் உள்பக்கம் அப்பாவின் தலையெண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. அதை மட்டும் துடைக்கவில்லை. தோளில் மூன்று பூச்சி ஓட்டைகள் இருந்தன. உள் மடிப்பிலிருந்து துணி எடுத்து அடைத்துவிட்டேன், நீயே தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. இடது கை முனையில் அடுப்பில் பட்டுத் துணி கருகின தழும்பு ஒன்று இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? பட்டை சரியாக அதன் மேலே விழுந்து மூடுகிறது. மூட மனம் வரவில்லை. அரை விரல் மேலே ஏற்றிப் பார்த்தேன். ஒரு கை நெட்டை, ஒரு கை குட்டை மாதிரி ஆகிவிட்டது. அதனால் மூடிவிட்டேன்.

உனக்கு அப்பாவைப் பற்றி நிறைய ஞாபகம் இருக்கும். எனக்கு இருப்பது கொஞ்சம்தான். லீவில் வந்தால் நான்தான் சமைப்பேன் என்று அடம் பிடிப்பார். ஆனால் நாலு பேருக்குச் சமைக்க அவருக்குத் தெரியாது. கப்பல் கணக்கில் பண்ணிவிட்டு, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போவோம். நான் வாய் திறக்காத பிள்ளை என்று என்னைத்தான் கூட்டிப்போவார். "என் வாயாடி கேக்கிறா, கொஞ்சம் வாங்கிக்கோங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அது மட்டும் தெளிவாக இருக்கிறது.

தைத்து முடித்ததும் மாமாவிடம் காட்டினேன். மாமா எழுந்து நின்று பட்டாளத்து சல்யூட் அடித்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். பட்டாளத்தில் லாரி ஓட்டின மனிதருக்கும் போர் ஞாபகம் வந்தால் அழுகை வரும்போல. பாவம்.

இத்தனை வருஷம் கழித்து அப்பாவுக்கு ஒரு மரியாதை கிடைக்கிறது. அதை என் கையால் தைக்கச் சொன்னாயே, அதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

தங்கச்சி


மார்ச் 9

வாயாடிக்கு,

கோட்டு வந்தது. டாக்டர் பட்டையைத் தடவிப் பார்த்து, "யார் தைத்தது, யந்திரமா கையா?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ச் 28 திறப்பு விழா. அம்மாவையும் மாமாவையும் அழைத்துக்கொண்டு வா. ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கே பெரிய மனிதர்கள் வருவார்கள். நீ யாரிடமும் பேச வேண்டாம். கூட்டத்தைக் கண்டால் உனக்குக் கால் நடுங்கும் என்று எனக்குத் தெரியாதா? யாராவது ஏதாவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ அம்மா பின்னாடியே இரு.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதையாவது அனுப்புகிறேனா பார்க்கலாம்.

விழாவில் டாக்டர் என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார். நீ சொன்னாய்: "எங்க ஊர்த் தையல் கடைப் பொண்ணு. அம்மாவுக்குத் துணைக்கு வந்திருக்கா. கோட்டு தச்சது இவதான்." டாக்டர் என்னைப் பாராட்டினார். அம்மா தரையைப் பார்த்தாள். நீ தடுமாறிப் போய் அப்படிச் சொல்லிவிட்டாய் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். என் சட்டை அவ்வளவு நன்றாக இல்லை, கூட்டத்தில் தங்கச்சி என்று சொல்ல உனக்கு வெட்கமாக இருந்திருக்கும், போகட்டும் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குப் போனேன். கோட்டின் கீழே இருந்த அட்டையில் அப்பாவின் பெயர். பெயருக்கு முன்னால் "லெப்டினன்ட்" என்று இருந்தது. மேல்தளத்தில் நின்று கடைசி வரை தன் ஆட்களுக்குக் கட்டளையிட்டார் என்று எழுதியிருந்தது. வேறு யாருடைய அட்டையையோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று பதறிப்போய் உன்னைத் தேடினேன். அப்போதுதான் பக்கத்துப் பெட்டியில் இருந்த கோட்டைக் கவனித்தேன். அதன் கையிலும் அதே இரண்டு வரி. அந்தக் கோட்டுக்குரியவர் இறந்தவர் இல்லை. அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, கைத்தடியை ஊன்றி, உயிரோடு நின்றுகொண்டிருந்தார். அவர் அதிகாரி என்று அங்கே அட்டையில் இருந்தது. இறந்தவர்களுக்கான பட்டை என்று நீ சொன்னது அதிகாரிகளின் பட்டை.

எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இது எப்படித் தெரியப்போகிறது என்று நினைத்தாய். சரியாகத்தான் நினைத்தாய். எனக்குத் தெரியவில்லை.

இன்னும் இருக்கிறது. வாசல் ஓரமாக ஒதுங்கி நின்றேன். காது மந்தமான ஒருத்தர் வந்தார். படகுத் துறையில் கயிறு கட்டும் வேலை செய்கிறாராம். அப்பாவின் கப்பலில் பாய்லர்காரராக இருந்தவர். காது கேட்காதவர்கள் எல்லாரையும் போலச் சத்தமாகத்தான் பேசினார்.

"ஏம்மா, உள்ள எங்கயாவது சமையல்காரருன்னு ஒருத்தர் இருக்காரா? நான் ரெண்டு சுத்து சுத்திட்டேன், காணோம்."

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே பேசினார்.

"அரைக்கேப்டன்னுதான் கூப்பிடுவோம். எங்களுக்கெல்லாம் தலை வழியா மாட்டுற சட்டை. பொத்தான் வச்ச கோட்டு அதிகாரிங்களுக்கும் சமையல்காரருக்கும்தான். 'கேப்டன், இன்னிக்கு சூப்புல உப்பு கம்மி'ன்னா, 'கடல்ல போய் ரெண்டு வாய் குடிச்சிட்டு வாடா'ம்பார். பேரு? பேரு யாருக்கும்மா தெரியும்!"

கப்பல் அடிபட்டபோது அப்பா படகுக்குப் பக்கத்திலேயே இருந்தாராம். ஏறியிருக்கலாமாம். ஏறாமல் சமையலறைக்குத் திரும்பிப் போய், ரொட்டி மாவு பிசைகிற பலகை, காய் நறுக்குகிற பலகை, மேசைப் பலகை, அலமாரிக் கதவு என்று கையில் கிடைத்த மரத்தையெல்லாம் தூக்கித் தண்ணீரில் எறிந்துகொண்டே இருந்தாராம். படகில் இடம் கிடைக்காதவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்களாம். "மாவுப் பலகை எனக்குக் கிடைச்சுது. விடியிற வரைக்கும் அதுல வயித்தை வச்சுப் படுத்துக் கிடந்தேன். கட்டளையா? எங்களைப் பார்த்து அவர் போட்ட ஒரே கட்டளை, 'தலைய பாத்துக்கடா, பலகை வருது!'"

அக்கா, நமக்கு இது தெரியாது. அப்பா எப்படிப் போனார் என்று நமக்கு யாரும் சொன்னதே இல்லை.

அப்புறம் அவர் சொன்னார். "அவரைப் பத்திச் சொல்லத்தான் போன மாசமே வந்தேன். மேசையில ஒரு டீச்சர் பொண்ணு இருந்துச்சு. சமையல்காரர் குடும்பத்துல யாரும் உசுரோட இல்ல, எழுதி என்ன பண்ணப்போறோம்னு சொல்லிடுச்சு." விரலை நீட்டிக் காட்டினார். உன்னைத்தான் காட்டினார்.

நான்தான் அவர் பெண் என்று அவரிடம் சொன்னேன். சொன்னேன் அக்கா. என் குரல் அவர் காதில் விழவில்லை. "என்னம்மா? சத்தமா சொல்லு" என்றார். டாக்டர் வீட்டு ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு மேல் எனக்குச் சத்தம் வரவில்லை.

அந்த மனிதர் உன்னிடம் வந்தது பிப்ரவரியில். அவர் சொல்ல வந்தது நம் அப்பாவைப் பற்றி என்று அப்போதே உனக்குத் தெரியும். தெரிந்தும், அப்பா என்ன செய்தார் என்று கேட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டாய்.

தங்கச்சி


ஏப்ரல் 8

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படித்தேன். நல்லவேளை, தலைவலி என்று சொல்லித் தப்பித்தேன்.

நீ அப்போது சின்னப் பிள்ளை. உனக்குத் தெரியாது. போர் முடிந்த வருஷம் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து, வீட்டிலிருந்து யார் போருக்குப் போனார்கள் என்று சொல்லச் சொன்னார்கள். பீரங்கி, விமானம், நீர்மூழ்கி என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். நான் சமையல்காரர் என்றேன். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "எதிரியை என்ன, கரண்டியாலயா அடிச்சாரு?" என்றாள். வாத்தியாரும் சிரித்தார். அந்த வருஷம் முழுக்க எனக்குப் பெயர் கரண்டி. கரண்டி, வா. கரண்டி, போ. நீ வாயைத் திறக்காமலே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து படித்தேன்.

முதல் நாள் டாக்டர் வீட்டில், "அப்பா கடற்படையில் என்னவாக இருந்தார்?" என்று கேட்டார்கள். அதிகாரி என்று வாயில் வந்துவிட்டது. ஒரு வார்த்தைதான். அதற்கு அப்புறம் அவர்களே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள். விட்ட வார்த்தையை எப்படித் திருப்பி விழுங்குவது?

உன்னைத் தங்கச்சி என்று சொல்லாதது தப்பு. "என்ன படிக்கிறா?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயம் வந்துவிட்டது. என்னை மன்னித்துவிடு.

ஆனால் நான் உனக்கு மட்டும் துரோகம் பண்ணின மாதிரி எழுதாதே. இது நான் தனியாகச் செய்ததில்லை. அம்மாவைக் கேள்.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

அம்மாவைக் கேட்டேன்.

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தெரியும்டி. அவ வாழ்க்கை நல்லபடியா அமையட்டும்னுதான். உங்கிட்ட சொன்னா நீ அழுவ, தைக்க மாட்ட." அப்புறம், "போனவருக்கு எந்தப் பட்டை இருந்தா என்ன? இருக்கிறவளுக்கு ஒரு வாழ்க்கை வேண்டாமா?" என்றாள்.

அட்டையில் இருந்த வாசகம் மாமா சொல்லிக் கொடுத்ததாம். மேல்தளம், கட்டளை, எல்லாம். அவரிடம் போய் நின்றேன். வழக்கம்போல நான் ஒன்றும் கேட்கவில்லை, நின்றேன், அவ்வளவுதான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன பாக்குற? நான் லாரி ஓட்டினேன்னு சொன்னா எவனாவது காது கொடுத்துக் கேட்டிருப்பானா? நானும் ரெண்டு பேரைச் சுட்டதாத்தான் சொல்லிட்டு இருக்கேன். போருல எல்லாரும் சுட்டுக்கிட்டே இருந்தா எவன் சாப்பாடு போட்டது, எவன் மூட்டை தூக்கினது? அதெல்லாம் யாருக்கு வேணும்?" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "உங்கப்பாவுக்கு நான் ஒரு நல்ல சாவைத்தானே கொடுத்தேன்" என்றார்.

பலகைக் கதையை அவரிடம் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் பேசி மாமா கேட்டதே இல்லை. முடியும் வரை தலை நிமிரவில்லை.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதைப் பற்றி எழுதியிருந்தாய். உன்னைப் படிக்க வைக்கத்தான் நான் நின்றேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்கிறாள். வாய் திறக்கப் பயந்துதான் நின்றேன் என்று நீயாவது உள்ளதை எழுதினாயே. அந்த அளவுக்குச் சரி.

கரண்டி என்று உன்னைக் கூப்பிட்டது எனக்கு இப்போதுதான் தெரியும். அந்த வயசு அக்காவை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் அவர்கள் சிரித்ததற்கு அப்பா என்ன செய்தார்? சிரித்தவர்களை விட்டுவிட்டு அவரையல்லவா நீ மறைத்தாய்? அதுவும் என் கையால். மூன்று பேருக்கும் தெரியும். ஊசி பிடித்தவளுக்கு மட்டும் தெரியாது. நான் உனக்கு நன்றி சொல்லி எழுதினேனே, அந்தக் கடிதத்தை நீ எப்படிப் படித்தாய்? அதை மட்டும் எனக்குச் சொல்.

அட்டையை மாற்று. டாக்டரிடம் நீயே சொல்லிவிடு. நீ சொன்னால் ஒரு மகள் சொன்னதாக இருக்கும்.

தங்கச்சி


ஏப்ரல் 21

இப்போது முடியாது. மே கடைசியில் கல்யாணம். பத்திரிகையில் அப்பா பெயருக்கு முன்னால் லெப்டினன்ட் என்று அச்சாகிவிட்டது. எல்லாம் முடிந்து ஒரு வருஷம், இரண்டு வருஷம் போகட்டும், நானே பக்குவமாகச் சொல்கிறேன்.

உன் கடிதத்தை எப்படிப் படித்தேன் என்று கேட்டிருக்கிறாய். முழுதாகப் படிக்கவில்லை. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவது வரை படித்தேன்.

நீ யாரிடமும் போய்ப் பேச மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறேன்.

அக்கா


மே 4

அக்கா,

நேற்று உன் ஊருக்கு வந்திருந்தேன். நீ வகுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தேன்.

முதலில் படகுத் துறைக்குப் போனேன். பாய்லர்காரர் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ச் சொன்னேன். கேட்கவில்லை. இன்னும் பக்கத்தில் போய்ச் சொன்னேன். "என்ன, டிக்கெட்டா? அங்க!" என்று கையைக் காட்டினார். படகுக்கு நின்ற கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். "நான் அரைக்கேப்டன் பொண்ணு!" கயிறு அவர் கையிலிருந்து நழுவி, கட்டாத படகு ஒன்று தானாக ஒரு ஆள் தூரம் போய்விட்டது. படகோட்டி அவரைத் திட்டினார். இவருக்கு அதுவும் கேட்கவில்லை. என் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

இரண்டு பேருமாகக் கூடத்துக்குப் போனோம். கோட்டின் கைத் தையலைச் சரி பண்ண வேண்டும் என்று காவலாளியிடம் சொன்னேன். விழாவில் டாக்டர் பாராட்டின தையல் கடைப் பெண் என்று அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது, பெட்டியைத் திறந்துவிட்டார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பட்டையைப் பிரித்தேன். நான் போட்ட தையல் பிரிய மாட்டேன் என்றது. வலது கை முடிந்து இடது கையில் பாதி வரும்போது டாக்டர் வந்துவிட்டார்.

"என்ன பண்ற நீ?"

பயப்படாதே, உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். எழுந்து நின்று சொன்னேன்.

"டீச்சரோட அப்பா கோட்டு கடையில தொலைஞ்சிடுச்சு, ஐயா. வெளிய சொல்லப் பயந்துக்கிட்டு எங்க அப்பா கோட்டுல பட்டை வச்சுத் தச்சு அனுப்பிட்டேன். டீச்சருக்குத் தெரியாது. எங்க அப்பா அதே கப்பல்ல சமையல்காரர்."

அவர் நம்பவில்லை. மீதிப் பட்டையைத் தூக்கி, அடியில் இருந்த அடுப்புத் தழும்பைக் காட்டினேன். அதிகாரி அடுப்பில் கை வைப்பாரா? அவர் முகம் சிவந்துவிட்டது.

"ஒரு அதிகாரியோட கோட்டைத் தொலைச்சிட்டு, அதுக்குப் பதிலா இதைக் கொண்டுவந்து வச்சியா? உன்னை நம்பி அந்தப் பொண்ணு தன் அப்பா ஞாபகத்தையே கொடுத்திருக்கா. இது எவ்வளவு பெரிய துரோகம்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொன்னேன்.

பாய்லர்காரருக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. டாக்டர் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு, அவர் தோளைத் தட்டி, பலகைக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை, அவருக்குத்தான் கேட்காதே. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். முடிந்ததும் டாக்டர் குனிந்து கோட்டின் கையில் இருந்த தழும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு காவலாளியிடம் ஒரு வெள்ளை அட்டை கொண்டுவரச் சொன்னார்.

"உங்கப்பா பேரு என்னம்மா?"

அக்கா, அந்த இடத்தில்தான் தயங்கினேன். பெயரைச் சொன்னால் நீ மாட்டிக்கொள்வாய். கப்பலில் எல்லாரும் அரைக்கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள், அப்படியே எழுதுங்கள் என்று சொன்னேன். அவர் எழுதினார். "அரைக்கேப்டன். கப்பல் சமையல்காரர். தன் சமையலறையின் மரத்தையெல்லாம் கடலில் எறிந்தார்." கோட்டை எடுத்து வேறொரு சின்னப் பெட்டியில் அந்த அட்டைக்குப் பின்னால் வைத்தார்கள்.

உன் அட்டை அந்தப் பெரிய பெட்டியிலேயே இருக்கிறது. நம் அப்பாவை இரண்டாகப் பிரித்துவிட்டோம். பெயரை நீ வைத்துக்கொள். ஆளை நான் கொண்டுபோகிறேன்.

தையல் கடைப் பெண்


மே 10

வாயாடிக்கு,

உன்னைத் திட்டத்தான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. நேற்று அந்தப் புது அட்டைக்கு முன்னால் போய் நின்றேன். அங்கே எப்போதும் ஆட்கள் நிற்கிறார்கள். ஒரு சின்னப் பையன் அவன் அம்மாவிடம், "அலமாரிக் கதவையுமாம்மா கழட்டிப் போட்டாரு?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். பின்னால் டாக்டர் நின்றார். சொல்லவில்லை.

உன் கடை முதலாளியம்மாவுக்கு டாக்டர் புகார்க் கடிதம் எழுதப் போனார். நான்தான் தடுத்தேன். இனி உனக்கு அந்தப் பயம் வேண்டாம்.

ஆனால் எனக்கு ஒரு இக்கட்டு. பெரிய கண்ணாடிப் பெட்டியில் அட்டை மட்டும் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரையும் அங்கே அழைத்துப்போய்க் காட்ட வேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறார். தொலைந்ததற்குப் பதிலாக அதே மாதிரி ஒன்று புதிதாகத் தைத்தாவது வைக்கலாம் என்கிறார். துணியும் பட்டையும் நான் அனுப்புகிறேன். பழசு மாதிரித் தெரிய வேண்டும். உன்னைத் தவிர யாராலும் முடியாது. இதுதான் கடைசி. இதற்கு அப்புறம் உன்னிடம் ஒன்றுமே கேட்க மாட்டேன். அம்மா மேல் ஆணை.

அக்கா


மே 16

டீச்சர் அவர்களுக்கு,

துணி வந்து சேர்ந்தது. கத்தரி வைப்பதற்கு முன்னால் அளவு வேண்டும். உயரம் எவ்வளவு, மார்புச் சுற்று எவ்வளவு, கை நீளம் எவ்வளவு, எந்தத் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று எழுதி அனுப்புங்கள். உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை.